என் இடது கை காணாமல் போன கதை

ஓவர்லாக் மெஷினுக்கு முன்னாடி உட்கார்ந்து பொழைக்கறவளுக்குக் கண்ணு ஊசி மேல இருக்கோணும், வாய் ஊர்ப் பழமை பேசிட்டு இருக்கோணும், கை ரெண்டும் எங்கே இருக்குதுங்கற ரோசனையே வரக் கூடாது. அப்பத்தானுங்க அவ டைலர்.

திருப்பூர் நல்லூர்ல ஒரு பனியன் கம்பெனியில நான் கழுத்து டைலர். டி-சர்ட் கழுத்தைச் சுத்தி ஒரு பட்டை வருமில்லீங்களா, அதுக்கு ரிப்னு பேரு. கழுத்து ஓட்டையைவிட ரிப் சின்னதா இருக்கும். இடது கை அதை அளவா இழுத்துப் பிடிக்கோணும், வலது கை விளிம்பைச் சேர்த்துக் குடுக்கோணும், ஒரே சுத்துல ஏத்திரோணும். இழுப்பு எச்சாப் போனா கழுத்து சுருங்கிக்கும். கம்மியாப் போனா அலை அலையா நிக்கும். எவ்வளவு இழுத்தா சரின்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. கைதான் சொல்லோணும். குனிஞ்சு உட்கார்ந்து கழுத்து வலிச்சு, இடுப்பு வலிச்சு, ராத்திரி தைலம் தேய்ச்சுட்டு, காலையில மறுபடியும் கம்பெனி வேன்ல ஏறுற நம்ம சனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனா அந்தக் கையே ஒரு நாள் சொல்லாம கொள்ளாம எங்கியோ போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க? எனக்குப் போச்சுங்க.

கரண்டு போனப்போ

மொதல்ல என் கை எப்பேர்ப்பட்ட கைன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும். நானே சொல்லிக்கறேன், வேற யார் வந்து சொல்லப் போறாங்க. எங்க ஷெட்டுல நான் உட்கார்ற மூலைக்கு ஜன்னல் கெடையாது. கரண்டு போச்சுன்னா பகல்லயே கண்ணைக் கட்டுன மாதிரி ஆயிரும். ஜெனரேட்டர் போடற வரைக்கும் ஆளாளுக்குப் போனைத் தேடுவாங்க, டார்ச்சைத் தேடுவாங்க, செருப்பைத் தேடுவாங்க. நான் தேட மாட்டேன். டிரிம்மர் எங்கே இருக்குதுன்னு கைக்குத் தெரியும். தொங்குற நூலை வெட்டி, பீஸைத் திருப்பி, அடுத்து ஏத்த வேண்டிய ரிப்பை எல்லாம் மடிச்சு இடது பக்கம் வெச்சு, முடிஞ்ச பண்டலைக் கட்டியும் போட்டுருவேன்.

ஒரு தடவை லைன் சூப்பர்வைசர் குமரேசன் போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு எங்க பக்கம் வந்தார். என்னைவிடச் சின்னவர், காங்கயத்துப் பக்கம், கோபம்னா என்னன்னே தெரியாத மனுசன். எல்லாரும் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கட்டுன பண்டலைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு இருந்தேன். வெளிச்சத்தை என் மேல அடிச்சார், பண்டல் மேல அடிச்சார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்க்கா, கரண்டு போனதை உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா இல்லீங்களா?"

ஒரு ரிப்பைத் தேடுன காலை

அந்தப் பெருமையெல்லாம் ஒரு திங்கக்கிழமை காலையில கொட்டிப் போச்சு. டீக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் அடிச்சுட்டு இருந்தேன். திடீர்னு இடது பக்கம் ரிப் எடுக்கக் கையை நீட்டுறேன், ரிப் வரலை. மறுபடியும் நீட்டுறேன், வரலை. வலியில்லை, மரத்துப் போகலை, கை கனக்கவும் இல்லை. எம்பாட்டுக்கு ரிப்பைத் துழாவறேன்னு நெனச்சுட்டு ஊசியையே பார்த்துட்டு இருக்கறேன். அதுக்கு முன்னாடி கடைசியா அடிச்ச ரெண்டு பீஸும் கழுத்து ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் பல்லை இளிச்சுட்டு நிக்குது.

எனக்குக் கைமடி ஜெபமணி. கைமடின்னா டைலருக்குப் பக்கத்துல நின்னு பீஸை எடுத்துக் குடுத்து, தைச்சதை வாங்கி அடுக்கறவங்க. சாத்தான்குளத்துப் பக்கத்துல இருந்து வந்து பனியன் கம்பெனியிலயே பாதி வயசைக் கழிச்சவ. "ரிப்பை எங்கேடி வெச்சே"ன்னு அவகிட்ட ஒரு சத்தம் போட்டேன். அவ ரிப்பைக் காட்டலை. என் மூஞ்சியைப் பார்த்தா, அப்புறம் மெஷினுக்குக் கீழே பார்த்தா. மெதுவாச் சொன்னா: "எக்கா, உங்க கை அங்கன கீழ தொங்குது, நீங்க இங்கன என்னத்தத் தேடுதிய?"

மேலயா, கீழயா?

எங்க ஊட்டுக்காரர் செல்வராஜ் சரக்கு ஆட்டோ ஓட்டறவர். பனியன் மூட்டை ஏத்தற வண்டியில என்னை ஏத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். தலையைப் படம் எடுத்துப் பார்த்தாங்க. மறுநாள் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தாங்க. நான் இடது கையால அவங்க கையைப் பிடிச்சு நெரிச்சுக் காட்டினேன். பலம் இருக்குது பாருங்க, என்னை ஊட்டுக்கு அனுப்புங்கன்னு. அந்தப் பொண்ணு கையை உதறிட்டே சொல்லுச்சு, பலம் போகலீங்கம்மா, தொட்டாலும் உங்களுக்குத் தெரியுது, ஆனா வேற ஒண்ணு போயிருக்குதுன்னு. நாம கண்ணை மூடிட்டாலும் கை எங்கே இருக்குது, எவ்வளவு மடங்கியிருக்குதுன்னு சதையும் மூட்டும் மூளைக்குச் சேதி சொல்லிட்டே இருக்குமாம். தலைக்குள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சதுல, என் இடது கை சொல்ற சேதியை வாங்கற எடம் அடிபட்டுப் போச்சாம். பழகப் பழகத் திரும்பி வரலாம், எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாதுன்னாங்க.

எனக்கு நம்பிக்கை வரலை. "கண்ணை மூடிக்குங்க, உங்க பெருவிரலை மேலயோ கீழயோ அசைப்பேன், எந்தப் பக்கம்னு சொல்லுங்க"ன்னாங்க. இது ஒரு பரிட்சையான்னு நானும் கண்ணை மூடிட்டு, மேல, கீழ, மேல, மேலன்னு கணீர்னு சொல்லிட்டே போனேன். பாதி தப்புன்னாங்க. நீங்க ஏமாத்தறீங்கன்னு சண்டைக்குப் போனேன். இன்னொருக்கா வெச்சுப் பார்க்கலாம்னாங்க. கண்ணை மூடினேன். "மேல"ன்னேன். தப்போன்னு ஒடனே மாத்தினேன். "சரி, கீழ"ன்னேன். அப்பத்தான் டாக்டரம்மா சொன்னாங்க: "நான் இன்னும் உங்க விரலைத் தொடவே இல்லீங்கம்மா."

ஜடை

ஊட்டுக்கு வந்த பொறவுதான் ஒரு நாளைக்கு எத்தனை சோலியை நாம பார்க்காமயே பண்றோம்னு தெரிஞ்சுது. முந்தானையைத் தோள்ல சரி பண்றது, பையில கையை விட்டுச் சாவி எடுக்கறது, முதுகு சொறியறது. கையைக் கண்ணால பார்த்துட்டே இருந்தா அது ஒழுங்கா நடக்குது. கண்ணை அந்தாண்ட எடுத்தா அது எம்பேச்சைக் கேக்கறதில்லை. டிவி பார்த்துட்டு இருக்கறப்போ அதுபாட்டுக்கு மேலே எந்திரிச்சு நிக்கும். எதுத்த ஊட்டுக்காரங்க என்னமோ நான் கூப்பிடறேன்னு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க.

எல்லாத்தையும்விட மோசம் ஜடை. தலைக்குப் பின்னால இருக்கற கையை எந்தக் கண்ணால பார்க்கறது? ஒரு நாள் காலையில சீப்பைத் தூக்கி எறிஞ்சுட்டு உட்கார்ந்துட்டேன். எங்க ஊட்டுக்காரர் குனிஞ்சு அந்தச் சீப்பை எடுத்தார். பின்னால வந்து உட்கார்ந்து மூணாப் பிரிச்சுப் பின்ன ஆரம்பிச்சார். ஆட்டோவுல மூட்டைக்குக் கயிறு கட்டற கை அது. இழுத்த இழுப்புல என் புருவம் ரெண்டும் நெத்திக்கு ஏறிருச்சு. கடைசியில ஒரு முடிச்சுப் போட்டு, மூட்டையைத் தட்டற மாதிரி என் தலையைத் தட்டிட்டுச் சொன்னார்: "பல்லடம் போயிட்டுத் திரும்பி வந்தாலும் அவுராது, போ."

பஸ்ல ஒரு ஆசீர்வாதம்

கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக டவுன் பஸ்ல ஏறுவேன். உட்கார எடமிருக்காது. வலது கையில பை, இடது கையில கம்பி. கம்பியைப் பார்த்துட்டே நின்னா வம்பில்லை. ஆனா ஜன்னல்ல எங்க கம்பெனி வேன் போகுது, உள்ளே நம்ம ஆளுக இருக்காங்களான்னு எட்டிப் பார்க்காம எப்படி இருக்கறது? பார்த்துட்டேன். வேன் போயிருச்சு. திரும்பினா பக்கத்து சீட்டு தம்பி அசையாம, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கறான். என் இடது கை அவன் தலை மேல உட்கார்ந்திருக்குது.

எனக்கு அப்படியே வண்டியில இருந்து குதிச்சரலாம் போல ஆயிருச்சு. கையைப் பிடுங்கிட்டு, "தப்பா நெனைச்சுக்காதே கண்ணு, எனக்கு இந்தக் கை இருக்கறதே தெரியலை"ன்னேன். கேக்கறவனுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. அவன் கலைஞ்ச முடியைச் சரி பண்ணிட்டு, மடியில இருந்த பைலைத் தூக்கிக் காட்டினான். "பரவாயில்லீங்கம்மா, வேலைக்குத்தான் நேர்ல பார்க்க வரச் சொல்லியிருக்காங்க, ஆசீர்வாதமா எடுத்துக்கறேன்."

செக்கிங்ல ஃபேன்

ஒரு சாயங்காலம் குமரேசன் ஆப்பிள் வாங்கிட்டு மண்ணரையில இருக்கற எங்க ஊட்டுக்கே வந்தார். வந்தவர் ஆப்பிளைப் பத்தியே சித்த நேரம் பேசினார். நான் விஷயத்துக்கு வாங்கன்னேன். என் மெஷின்ல இப்போ சஞ்சய்னு ஒரு பீகார் தம்பி உட்கார்ந்து அடிக்கறானாம். இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஊசிக்கிட்ட உட்கார்றது எனக்கும் ஆபத்து, அதனால என்னை செக்கிங் டேபிளுக்கு வரச் சொல்லிட்டாராம் மொதலாளி. தைச்ச பீஸை விரிச்சுப் போட்டு ஓட்டை, அழுக்கு இருக்குதான்னு பார்க்கற வேலை.

செக்கிங் மட்டமான வேலைன்னு நான் சொல்லலீங்க. ஆனா நான் கழுத்து டைலர். கல்யாணமாகிக் கணியூர்ல இருந்து இங்கே வந்தப்போ பஸ் நம்பர்கூட எனக்குப் படிக்க வராது. அந்த மெஷின்தான் என்னை ஒரு ஆளாக்குச்சு. கஷ்டமான கழுத்து வந்தா சரசுகிட்டக் குடுங்கன்னு நாலு லைன்லயும் சொல்லுவாங்க. அந்த எடத்தை விட்டுட்டு இன்னொருத்தர் ஏத்துன கழுத்தை நான் விரிச்சுப் பார்த்துட்டு நிக்கறதா? எனக்கு என் மெஷின் வேணும்னு சொன்னேன். சின்னப் பொண்ணு மாதிரி அடம் பிடிச்சதுல எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு மாசம் பொறுங்க, வந்து டிரயல் அடிச்சுக் காட்டறேன், தேறலீன்னா நீங்க சொன்ன எடத்துல உட்கார்றேன்னேன். டிரயல்ங்கறது புதுசா வேலைக்கு வர்ற டைலருக்கு வெக்கற பரிட்சை. என் வாயால நானே அதைக் கேக்க வேண்டியதாப் போச்சு. குமரேசன் தலையை ஆட்டிட்டு எந்திரிச்சார். வாசல்ல செருப்பை மாட்டிட்டே, மனசு கேக்காம ஒரு ஆறுதல் சொன்னார்: "இருந்தாலும் அக்கா, செக்கிங்ல ஃபேன் காத்து நல்லா வருமுங்க."

ரெட்டை முடிச்சு

ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜெபம் முடிஞ்சதும் ஜெபமணி நேரா எங்க ஊட்டுக்கு வந்துருவா. வேஸ்ட் ரிப் ஒரு பை நிறையக் கொண்டு வருவா. டாக்டரம்மா சொன்ன பயிற்சிதான்: என் கண்ணைத் துப்பட்டாவால கட்டிட்டு, வலது கையை ஒரு மாதிரி மடக்கி வெப்பா, இடது கையும் அதே மாதிரி மடங்கோணும். ரிப்பைக் கையில குடுத்து, எவ்வளவு இழுத்திருக்கேன்னு கேப்பா. மொதல் வாரம் மூக்கைத் தொடச் சொன்னா கண்ணைக் குத்திக்கிட்டேன். அன்னைக்கு அழுதேன். நல்லா வாய் விட்டே அழுதேன். அவ ஆறுதல் சொல்லலை, மூஞ்சியைத் துடைச்சு விட்டுட்டு மறுபடியும் கட்டினா. பல்லைக் கடிச்சுட்டு வாரநாள்லயும் தனியாப் பழகினேன், சோறு வெந்துட்டு இருக்கறப்போ, துணி ஊறிட்டு இருக்கறப்போ.

ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணைக் கட்டிட்டு இருக்கறேன், இடது பெருவிரல் மடங்கற மாதிரி இருந்துச்சு. என்னமோ ரொம்பத் தூரத்துல யாரோ கூப்பிடற மாதிரி. "பெருவிரலை மடக்கறே"ன்னேன். "இப்போ நிமித்தறே"ன்னேன். "சுண்டுவிரலுக்குப் போயிட்டே." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஜெபமணி என்ன பண்ணுனா தெரியுங்களா? சந்தோசப்படுவான்னு பார்த்தா, துப்பட்டாவை அவுத்து, நாலா மடிச்சு, இழுத்து ரெட்டை முடிச்சுப் போட்டா. "ஓட்டை வழியாப் பாத்துட்டு என்னய ஏமாத்தப் பாக்கியளா? இப்ப சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். எல்லாத்தையும் சரியாச் சொன்னேன்.

டிரயல்

சொன்ன மாதிரியே ஒரு மாசம் கழிச்சுப் போனேன். சஞ்சய் எந்திரிச்சு நின்னு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டான். அவனோட தண்ணி பாட்டில் மட்டும் மெஷின் மேசை மேலயே இருந்துச்சு. மொதலாளி கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பார்க்கறார், லைன் மொத்தமும் பார்க்காத மாதிரி பார்க்குது. ஜெபமணி பக்கத்துல நிக்கறா. ஒரு பண்டல் குடுத்தாங்க.

ஊட்டுல கண்ணைக் கட்டினா வந்த கை, மெஷின்ல உட்கார்ந்ததும் வரலை. ஏன்னா எனக்குப் பயம். கத்தி ஓடற மெஷின், இடது கை எங்காச்சும் போயிருச்சுன்னா? கண்ணு தன்னால கையைத் தேடிட்டு ஓடுது. கையைப் பார்த்தா ஊசி கெட்டுப் போகுது, ஊசியைப் பார்த்தா கை கெட்டுப் போகுது. மொதல் கழுத்து அலை அலையா வந்துச்சு. அடுத்தது சுருங்குச்சு. அதுக்கடுத்ததை நான் விரிச்சுப் பார்க்கவே இல்லை. அப்படியே சுருட்டி ஓரமாத் தள்ளிட்டேன்.

குமரேசன் நல்ல மனுசன்னு சொன்னேன் இல்லீங்களா, அதுதான் பிரச்சனை. என் மானத்தைக் காப்பாத்தறேன்னு, மொதலாளிக்குக் கேக்கற மாதிரி சத்தமா ஒண்ணு சொன்னார். "அக்கா மேல தப்பில்லீங்க, கைமடி ரிப்பை ஒழுங்கா எடுத்துக் குடுக்கறதில்லை." ஜெபமணி மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ தெரியலை. மூஞ்சியை முழுசா அவர் பக்கம் திருப்பிட்டேன். "தப்பு பண்ணுனது நான். அவளை எதுக்குங்க இழுக்கறீங்க? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து என் கையைப் பிடிச்சுப் பழக்குனது நீங்களா, அவளா? போன ஆர்டர்ல வெள்ளை பீஸுக்குப் பழுப்பு நூல் ஏத்துனது யாரு? எல் சைஸ் பண்டல்ல எம் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிட்டு லைன் மொத்தத்தையும் பிரிக்க வெச்சது யாரு? அப்பவும் கைமடி தலையிலதான போட்டீங்க?" கண்ணு அவர் கண்ணை விட்டு அசையலை. அந்த மனுசன் ஒண்ணொண்ணுக்கும் ஆமாங்க, ஆமாங்கன்னு பின்னால நகர்ந்துட்டே இருந்தார்.

"எக்கா"ன்னு ஜெபமணி என் தோளைத் தொட்டா. "பேச்ச மட்டும் நிறுத்திராதிய." அவ கையில ஒரு பீஸ் இருந்துச்சு. கழுத்து சும்மா காம்பஸ் வெச்சு இழுத்த மாதிரி வட்டமா உட்கார்ந்திருக்குது. அதுக்கடியில இன்னொண்ணு, அதே மாதிரி. நான் திட்டத் திட்ட, என் காலு பெடலை மிதிச்சிருக்குது, வலது கை விளிம்பைக் குடுத்திருக்குது, இடது கை ரிப்பை எடுத்து, அளவா இழுத்து, ஏத்தியிருக்குது. யாரும் அதைப் பார்க்கலை. நானும் பார்க்கலை. அது வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்துட்டு இருந்திருக்குது.

ஆசையா ஒருக்காத் திரும்பிக் கையைப் பார்த்தேன். அடுத்த கழுத்து லேசா அலை அடிச்சுருச்சு. சரி, உன்னைப் பார்க்கலை சாமின்னு மறுபடியும் குமரேசன் பக்கம் திரும்பினேன். அவருக்கும் விஷயம் புரிஞ்சு போச்சு. நகராம நின்னுட்டார். தண்ணி கேன் காலியாக் கெடக்கறதுல ஆரம்பிச்சு, உடைஞ்ச ஸ்டூல் வரைக்கும் ஒண்ணு விடாமக் கேட்டேன். பீஸ் மேல பீஸ் விழுந்துட்டே இருக்குது. மொதலாளி ரூமை விட்டு வெளியே வந்து ஒவ்வொரு கழுத்தா இழுத்துப் பார்த்தார். பக்கத்து மெஷின்ல போய் உட்காரச் சொல்லி சஞ்சய்க்குக் கை காட்டினார். சஞ்சய் சிரிச்சுக்கிட்டே வந்து, என் மேசை மேல இருந்த தண்ணி பாட்டிலை எடுத்துட்டுப் போனான்.

எனக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு, வாய் அடைச்சுப் போச்சு. பேச்சு நின்னதும் மெஷினும் நின்னுருச்சு. குமரேசன் பண்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைப் பின்னால கட்டிக்கிட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நின்னார். "ஏனுங்க்கா நிறுத்திட்டீங்க? பாதிப் பண்டல் கெடக்குது, போன பொங்கல் நோம்பிக்கு நான் லீவு குடுக்காத சண்டை அப்படியே பாக்கி இருக்குதுங்களே."

எங்க லைன்ல எல்லா டைலருக்கும் ஒரு கைமடி உண்டு, ஆனா கைமடியோட சேர்த்து, திட்டு வாங்கறதுக்குன்னே ஒரு சூப்பர்வைசரையும் வெச்சிருக்கற டைலர் இந்தத் திருப்பூர்லயே நான் ஒருத்திதானுங்க.